டேங்கில் பெட்ரோல் இருந்தும் முள் சிவப்புக் கோட்டில் நிற்கிறது. ஏற்றத்தில் வண்டி திணறுகிறது

கேள்வி (வேளச்சேரி)

வணக்கம். 2009-இல் தயாரான பெட்ரோல் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டேங்க் 35 லிட்டர் கொள்ளும். போன வாரம் போரூரிலிருந்து திரும்பும்போது கத்திப்பாரா மேம்பால ஏற்றத்தில் வண்டி திணறி நின்றுவிட்டது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்ததால் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் சிறிது நேரத்தில் மீண்டும் ஸ்டார்ட் ஆகிப் பங்க் வரை வந்தது. அங்கே நிரப்பியபோது 15 லிட்டரிலேயே டேங்க் நிறைந்துவிட்டது. டேங்க் யூனிட் (பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் மிதவை), பம்ப் இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அம்மாவை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வண்டி இது. வழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தோடு ஓட்டுகிறேன்.

பதில் (குரோம்பேட்டை)

டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து, பம்ப் உறிஞ்சுகிற அடிப்பகுதியிலேயே தங்கிவிடும். எனக்கு மழைக்காலத்தில் இப்படி நேர்ந்தது.

பதில் (ஆட்டோ எலக்ட்ரீஷியன், அம்பத்தூர்)

தண்ணீர் இருந்தால் வண்டி திணறும் என்பது சரிதான், ஆனால் அதனால் முள் இறங்காது. நீங்கள் சொன்னதில் முக்கியமானது அந்த 15 லிட்டர் கணக்கு. வண்டி நின்றபோது டேங்கில் ஏறக்குறைய 20 லிட்டர் இருந்திருக்கிறது. ஆகவே முள் காட்டியதும் தவறு, வண்டி நின்றதும் பெட்ரோல் இல்லாமல் அல்ல. இரண்டு கோளாறுகள் ஒன்றாகத் தலைகாட்டும்போது, இரண்டுக்கும் பொதுவான இடத்தை முதலில் பார்ப்பது என் வழக்கம். பல கார்களில் பம்ப்புக்கும் மிதவைக்கும் ஒரே கப்ளர்தான் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்). எர்த் ஒயரும், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் ஒயரும், பல நேரம் ஒன்றே. அந்த எர்த் அரித்துப்போனால் பம்ப்புக்கு முழு வோல்டேஜ் கிடைக்காது, ஏற்றத்தில் பெட்ரோல் அழுத்தம் குறையும். பம்ப்பின் கரண்ட் அந்த அரிப்பைத் தாண்டிச் செல்லும்போது மிதவையின் அளவும் பொய்யாகிவிடும்.

எதையும் கழற்றாமல் ஒரு சோதனை செய்யலாம். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இரண்டு நிமிடம் விடுங்கள். பம்ப் ஓரிரு வினாடி ஓடி நின்றுவிடும். முள் மெல்ல ஏறி ஓரிடத்தில் நிற்கும். பிறகு ஸ்டார்ட் செய்தபின் முள் இறங்கினால் எர்த் மேல்தான் சந்தேகம்.

கேள்வி கேட்டவர்

சோதித்தேன், ஐயா. முக்காலுக்கு மேல் நின்ற முள், ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் பாதிக்கு வந்துவிட்டது.

பதில் (அம்பத்தூர்)

அப்படியானால் பின்சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியின் மேலுள்ள கப்ளரைப் பாருங்கள். கதவுகளைத் திறந்துவையுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம், கப்ளரைக் கழற்றும் முன் பேட்டரி மைனஸ் ஒயரை எடுத்துவிடுங்கள். அளவெடுக்கக் கப்ளரையும் பேட்டரி ஒயரையும் மீண்டும் மாட்டி, இன்ஜின் ஓடும்போது கப்ளரின் எர்த் பின்னுக்கும் (உலோக ஊசி) பேட்டரி மைனஸுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

1.9 வோல்ட் காட்டியது. கப்ளரில் கறுப்பு எர்த் ஒயர் நுழையும் ஊசி பச்சை பூத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தது. சீட்டுக்கடியில் உலர்ந்த சேறும் ஒட்டியிருந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வண்டி நின்றிருக்குமோ என்று தோன்றுகிறது. புதுப்பேட்டையில் அதே மாதிரிக் கப்ளர் கிடைத்தது. எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு அதைப் பொருத்தி, பாடியில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தையும் சுரண்டி இறுக்கினோம். இப்போது 0.1 வோல்ட். கத்திப்பாராவில் இருமுறை ஏறிப்பார்த்தேன், திணறவில்லை.

பதில் (அம்பத்தூர்)

மகிழ்ச்சி. இனி டேங்க்கைக் கால்வாசிக்குக் கீழே விடாதீர்கள். பம்ப்பைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான், உங்கள் பம்ப் ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் உழைத்துக் களைத்திருக்கிறது. வெள்ளம் புகுந்த வண்டி என்றால் மற்ற எர்த் இணைப்புகளையும் அடுத்த மழைக்கு முன் பார்த்துவிடுங்கள்.