புதுப்பிப்பு: ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட், மணிக்கட்டு பற்றி நான் எழுதியது தவறு

போன வாரம் இதே இழையில், டென்னிஸ் வீரர் ஃபெடரரின் ஃபோர்ஹேண்டுக்கு (உள்ளங்கை முன்னோக்கி இருக்க அடிக்கும் அடி) வேகம் கொடுப்பது மணிக்கட்டைச் சுண்டுவதுதான் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். பலர் மறுத்தீர்கள். சரி, பார்த்துவிடலாம் என்று பழைய ஆட்டங்களை ஸ்லோ மோஷனில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி, வேகம் மணிக்கட்டைச் சுண்டுவதிலிருந்து வரவில்லை.

பந்து வரும்போது அவர் கையை மட்டும் பின்னால் இழுப்பதில்லை. இடது கை ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்தபடியே தோள் முழுதாகத் திரும்புகிறது, அப்புறம்தான் அந்தக் கை விலகிப் பக்கவாட்டுக் கோட்டை நோக்கி நீள்கிறது. அடிக்கும்போது முதலில் திரும்புவது இடுப்பு, அதன் பின்னால் தோள், பிறகு கை, கடைசியாகத்தான் ராக்கெட்டின் தலை, அதுவும் சாட்டை நுனி போலப் பின்தங்கி வந்து ஒரே வீச்சில் முன்னே பாய்கிறது. பந்தைத் தொடும் அந்த நொடியில் மணிக்கட்டு இன்னும் பின்னால் மடங்கியேதான் இருக்கிறது! முழங்கை கிட்டத்தட்ட நேராக நீண்டிருப்பதால் பந்தை உடலுக்கு நன்றாக முன்னால் சந்திக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது ஃபெடரர் தன் தலையை அசைக்காமல் வைத்திருப்பது: பந்து போன பிறகும் அவர் கண், ராக்கெட் பந்தைத் தொட்ட இடத்திலேயே நிற்கிறது.

ஃபெடரரின் நெடுநாள் எதிராளி நடாலின் ஃபோர்ஹேண்டைப் பற்றிக் கேட்டிருந்தவருக்கு: அவர் கையும் நேராகத்தான் நீள்கிறது, ஆனால் ராக்கெட்டைப் பிடிக்கும் விதம் வேறு, ராக்கெட் கீழிருந்து செங்குத்தாக ஏறிப் பல நேரம் தலைக்கு மேல் சுழன்று முடிகிறது. அந்த டாப்ஸ்பின் (பந்து முன்னோக்கிச் சுழன்று வருவது) நடாலின் இடது கையிலிருந்து குறுக்காக வந்து ஃபெடரரின் பேக்ஹேண்டில் (புறங்கைப் பக்கம்) தோள் உயரத்துக்கு எழும்பியதுதான் அவர்களின் களிமண் தரை ஆட்டங்களின் பாதிக் கதை. இன்னொரு வீரரான ஜோகோவிச் முழங்கையை மடக்கியே அடிப்பவர், அவரை அடுத்துப் பார்க்கிறேன்.