ஆழ்மன உளவியலில் மேற்படிப்பு: படித்தவர்கள் அனுபவம் சொல்லுங்களேன்

தூங்காநகரான்

சான் ஹோசேயில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. நாற்பதைத் தாண்டியாயிற்று. கொஞ்ச காலமாக ஆழ்மன உளவியலில், அதாவது நமக்கே தெரியாமல் மனதுக்குள் ஓடுவதை ஆராயும் துறையில், உளவியலாளர் யுங், அவர் வழி வந்த ஹில்மன், கனவு என்று புத்தகம் புத்தகமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். "இதற்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறதாமே, போய்ச் சேர்ந்துவிடுங்களேன்" என்கிறார் மனைவி, பாதி கிண்டலாக. சான்டா பார்பராவை ஒட்டிய கார்ப்பின்டீரியாவில் இருக்கும் பசிபிகாவைத்தான் சொல்கிறார். வேலையை விட்டுவிட்டுப் போவதா வேண்டாமா என்று யோசனை.

பாடத்திட்டத்தை நானே பார்த்துக்கொள்வேன். இந்தத் துறையில் படித்தவர்கள் இப்போது என்ன வேலை செய்கிறீர்கள், அந்த வேலையில் படிப்பு எங்கே கைகொடுத்தது? நடந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

ஓக்லாந்து ராசா

நான் படித்தது வேறு கல்லூரி. ஆலோசனை உளவியலில் எம்.ஏ., பாடம் முழுக்க ஆழ்மன உளவியல் வாடை. இப்போது கலிபோர்னியா உரிமம் பெற்ற குடும்ப சிகிச்சையாளர்.

அண்ணா, உரிமத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டம் கையில் வந்ததும் யாரும் நாற்காலி போட்டு உட்கார வைக்க மாட்டார்கள். மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், அது குறைந்தது 104 வாரங்களில் பரவியிருக்க வேண்டும். அதில் 1,750 மணி நேரமாவது நேரடியாக ஆட்களுக்குச் சிகிச்சை கொடுத்ததாக இருக்க வேண்டும். அப்புறம் சட்டம்-அறநெறித் தேர்வு ஒன்று, சிகிச்சைத் தேர்வு ஒன்று. அந்தக் காலத்தில் சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது.

இனி நடந்தது. அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். மனைவியை இழந்த ஒருவர் வந்தார், ஆயுள் முழுக்க ட்ரக் ஓட்டியவர். பேச்சு வராது. "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். ஒருநாள் போகிற போக்கில், சாவி பொருந்தாத ட்ரக் ஒன்று அடிக்கடி கனவில் வருவதாகச் சொன்னார். எனக்கு வாய் துறுதுறுத்தது. பூட்டிக்கொண்ட துக்கம், கைவிட்டுப் போன கட்டுப்பாடு என்று விளக்கம் வரிசையாக நின்றது. ஆனால் ஹில்மன் வழி வந்த ஆசிரியர்கள் வகுப்பில் ஓயாமல் தடுத்தது இதைத்தான்: கனவில் வந்த படிமத்தை, அந்தக் காட்சியை, உடனே ஒரு கருத்தாக மாற்றிவிடாதே, அதனோடேயே இரு. ஆகவே "அந்த வண்டியில் என்ன ஏற்றியிருந்தது?" என்று மட்டும் கேட்டேன். குளிர்பதனப் பெட்டி, உள்ளே பீச் பழம், காலைக்குள் ஃப்ரெஸ்னோவிலிருந்து கிளம்பாவிட்டால் அழுகிவிடும் என்றார். அங்கிருந்து பேச்சு மனைவியின் கடைசி மாதங்களுக்குப் போய்விட்டது. நேரம் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. நானாக விளக்கம் சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார்.

அன்று சாயங்காலம் காப்பீட்டுக் கம்பெனிக்கு நான் எழுத வேண்டியதில் பீச் பழத்துக்கு இடமில்லை. நோய்க் குறியீட்டு எண், அளந்து காட்டக்கூடிய இலக்கு, எத்தனை அமர்வு, அவ்வளவுதான். இந்த இரண்டு மொழியையும் ஒரே நாளில் பேசப் பழகிக்கொள்வதுதான் இந்த வேலை. முதலாவதைப் பேசத்தான் ஆசைப்பட்டு வருகிறோம். சம்பளம் இரண்டாவதற்கு.

சந்தேகசாமி

ராசா சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். ஆழ்மன உளவியல் எம்.ஏ. என்று பெயர் இருந்தால் எல்லாம் ஒன்றல்ல. ஆலோசனை உளவியல் எம்.ஏ. உரிமத்துக்குக் கொண்டுபோகும். தொன்மவியல் போன்ற படிப்புகள் கொண்டுபோகாது, அவற்றின் நோக்கமும் அதுவல்ல. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி (எங்கே என்று சொல்ல மாட்டேன்) கடன் வாங்கி அப்படி ஒன்றை முடித்துவிட்டு இப்போது ஒரு நிறுவனத்தில் பணியாளர் பயிற்சி கொடுக்கிறாள். சேரும்போது "எதிர்காலத்தில் பல வாய்ப்புகள்" என்றார்களாம். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்தப் பட்டத்தை வைத்து நான் இருக்கிற மாநிலத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படிப்பு வீண் என்று அவளே சொல்வதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

கோல்செஸ்டர்க்காரி

வணக்கம் அண்ணை. நான் இங்கிலாந்தில், எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தேன். யுங்கிய ஆய்வுகள். அது என்னைச் சிகிச்சையாளர் ஆக்கவில்லை, ஆக்கும் என்று யாரும் சொல்லவும் இல்லை. அதற்கு முதலே நான் தஞ்சம் கேட்டு வாற எங்கட சனத்துக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் அவர்களுடைய வழக்குகளைப் பார்க்கிறேன்.

எசெக்ஸில் பேராசிரியர் ரெனோஸ் பாபடோபுலோஸ் அகதிகளோடு வேலை செய்து உருவாக்கிய, கட்டம் போட்ட ஒரு அட்டவணை இருக்கு. ஒருவர் பட்ட துன்பத்தை மட்டும் எழுதாமல், அவருக்குள் உடையாமல் நின்றது என்ன, அந்தத் துன்பத்தாலேயே புதிதாக முளைத்தது என்ன என்றும் கேட்டு நிரப்ப வேணும். தனி ஆளுக்கு மட்டுமில்லை, குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் சேர்த்து. கேட்க லேசாக இருக்கும்.

ஒரு அம்மா. வன்னியில் எல்லாம் இழந்தவர். எத்தனையோ அலுவலர்களிடம் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி, கேள்வி வர முதலே பதில் வரும், குரல் ஏறாது இறங்காது. நான் "இங்க வந்த பிறகு புதுசா என்ன பழகினீங்கள்?" என்று கேட்டேன். முதலில் விளங்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: ஊரில் கடைக்குக்கூடத் தனியப் போனதில்லையாம், இப்போது விடுதியில் இருக்கிற எரித்திரியப் பெண்களை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போறவராம். "பாஷை தெரியாது பிள்ளை, நம்பர் தெரியும்" என்று சிரித்தார். வழக்கறிஞருக்குத் தேவை அவர் பட்ட பாடு, அதைத்தான் கோப்பில் வடிவாக எழுதினேன். ஆனால் அடுத்த முறை அவர் வந்தபோது என்னோடு வேற மாதிரிக் கதைத்தார்.

அர்த்தமுள்ள வேலை என்று நிறையப் பேர் கேட்கினம். எனக்கு வேலை மாறினது கொஞ்சம்தான். கேட்கிற கேள்விதான் கூட மாறினது.

பழைய நோட்டு

நான் படித்தவன் அல்ல, வாசகன். யுங் 1937 கடைசியில் இந்தியா வந்தார். ரமணரைப் போய்ப் பார்க்கவில்லை. நண்பரும் இந்தியவியல் அறிஞருமான ஹைன்ரிக் ஸிம்மர் ரமணரைப் பற்றி எழுதிய நூல் 1944இல் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதினார். அதில் அவர் நன்றியோடு நினைப்பது திருவனந்தபுரத்தில் சந்தித்த ஒரு ரமண பக்தரை. பார்வைக்குப் பள்ளி ஆசிரியர் மாதிரி எளிய மனிதர், குடும்பத்தைக் காப்பாற்ற உழைப்பவர். ஞானத்தோடு உலகத்தையும் சேர்த்து உண்டவர் என்கிற மாதிரி சொல்கிறார் யுங். தூங்காநகரான் சார் வேலையை விடுவதா வேண்டாமா என்று யோசிப்பதால் நினைவுக்கு வந்தது.

தூங்காநகரான்

எல்லோருக்கும் நன்றி. சந்தேகசாமி சொன்ன கேள்வியை நாளைக்கே மின்னஞ்சலில் கேட்டுவிடுகிறேன். கோல்செஸ்டர் சகோதரிக்கு ஒரு கேள்வி: சேருவதற்கு முன்னால் இப்படிப்பட்ட வேலையைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்க்க வழி இருக்கிறதா?

கோல்செஸ்டர்க்காரி

ஓம் அண்ணை. உங்கட பக்கத்தில் அகதிகளுக்கு உதவுகிற அமைப்புகள் இருக்கும், தமிழ் மொழிபெயர்ப்புக்கு ஆள் வேணுமோ என்று கேளுங்கோ. சம்பளம் எதிர்பார்க்காதீங்கோ. சொந்தக் கருத்துச் சேர்க்காமல், ஒரு வசனத்துக்கு ஒருக்கா நிறுத்திச் சொல்லப் பழக வேணும். அது ரெண்டு மூன்று கிழமையில் வரும். வராவிட்டால் அதுவும் தெரிஞ்சுபோகும்.