ட்ரியெஸ்தேவுக்குப் பிஎச்டி படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு

"அக்கா, சிஸ்ஸாவில் இடம் கிடைத்துவிட்டது, தியரி குரூப். அக்டோபரில் கிளம்புகிறேன், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?" என்று கேட்ட தம்பிக்கு முதலில் என் வாழ்த்து. (தெரியாதவர்களுக்கு: சிஸ்ஸா இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம், தியரி என்றால் கோட்பாட்டு இயற்பியல்.) வீடு, அரிசி, குளிர் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். இங்கே வீசும் போரா என்ற பலத்த காற்று சில நாள் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும், அன்றைக்குக் குடையை எடுக்காதே. நான் சொல்ல வந்தது காகிதமும் கரும்பலகையும்.

இத்தாலிக்குள் வந்த 8 வேலை நாட்களுக்குள் பெர்மெசோவுக்கு (தங்கும் அனுமதி) விண்ணப்பித்தாக வேண்டும். தபால் நிலையத்தில் அதற்கென்று ஒரு உறை தருவார்கள். 16 யூரோ முத்திரை வில்லையைச் சிகரெட் கடையில் வாங்கி ஒட்ட வேண்டும். கொடுத்ததும் கிடைக்கும் ரசீதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வை. வரி எண்ணையும் முதல் வாரத்திலேயே வாங்கிவிடு, வங்கிக் கணக்குக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

இதெல்லாம் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் தியரி படிக்கிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. என் முதல் பெர்மெசோ ஓராண்டுக்குத்தான். முடிவதற்கு 60 நாள் முன்பே புதுப்பிக்கக் கொடுத்திருக்க வேண்டும். பரீட்சை நெருக்கடியில் தள்ளிப் போட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து பிரான்சில் லெ ஊஷ் கோடைப் பள்ளிக்குத் தேர்வாகியிருந்தேன். செசில் டிவிட்-மொரெட் 1951இல் மோன் பிளாங் மலைக்கு எதிரே தொடங்கிய பள்ளி அது. வாரக்கணக்கில் ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகக் கணக்குப் போடும் இடம். கையில் புதுப்பித்தல் ரசீது மட்டும்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இத்தாலியில் இருக்கலாம், பிரான்சுக்குப் போக முடியாது. பாடக் குறிப்புகள் பின்னால் எனக்கும் கிடைத்தன. அந்த மேசையில் நடந்த பேச்சு கிடைக்கவில்லை. இன்றைக்கும் அது மனதில் இருக்கிறது.

நம் துறையில் பாதிப் படிப்பு அந்த மேசையில்தான் நடக்கிறது. 1951இல் கேம்பிரிட்ஜிலிருந்து லாகூருக்குத் திரும்பிய பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம், 1954இல் மறுபடி கேம்பிரிட்ஜுக்கே போனார். லாகூரில் கூட உட்கார்ந்து இயற்பியல் பேச அவருக்கு ஆள் இல்லை. தன் தேசத்திலேயே இருந்து ஆராய்ச்சி செய்ய நினைப்பவனுக்கு அந்தத் தனிமை வரக் கூடாது என்றுதான் 1964இல் இதே ட்ரியெஸ்தேவில் ஐசிடிபி என்ற சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தொடங்கினார். சிஸ்ஸா மலைமேல், ஐசிடிபி கீழே மிராமாரேவில், கடல் பக்கம். மேலேயே இருந்துவிடாதே, இறங்கி வா.

சரி, கரும்பலகை. முதல் வருடம் ஸ்ட்ரிங் தியரி வகுப்பில் கோஸ்ட்கள் என்ற துணைப் புலங்களுக்கு சென்ட்ரல் சார்ஜ் எனப்படும் எண் -26 என்று எழுதிவிட்டு ஆசிரியர் மேலே போய்விட்டார். நானும் அந்த எண்ணை மனப்பாடமாகத்தான் வைத்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் எனக்கு முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை" என்றாள், அவ்வளவுதான். அவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தார். 1 - 3(2λ - 1)² என்ற பொதுச் சூத்திரத்தை வருவித்து, லாம்ப்டாவுக்கு (λ) 2 போட்டார். அடைப்புக்குள் மூன்று வரும். மூன்றை மூன்றின் வர்க்கத்தால் பெருக்கினால் 27, அதற்கு மைனஸ், ஒன்று கூட்டினால் -26. அரை மணி நேரம் ஆயிற்று. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அன்று நான் கற்றுக்கொண்டது முழுக்க அவள் கேட்டதால் வந்தது.

நம்மில் நிறையப் பேர் வாத்தியாருக்கு மரியாதை என்று நினைத்துச் சந்தேகத்தை நோட்டிலேயே வைத்துக்கொள்கிறோம். இங்கே யாரும் "சார்" என்று கூப்பிடுவதில்லை, பெயரைத்தான் சொல்வார்கள். கூச்சம் போகக் கொஞ்ச நாள் ஆகும். போகட்டும். ஆனால் கேள்வியை மட்டும் அடக்காதே.

கைடைத் தேர்ந்தெடுக்க அவசரப்படாதே, முதல் வருடம் பெரும்பாலும் வகுப்புகள்தான். அப்புறம், காலையில் ஆர்க்கைவ் (arXiv) என்ற ஆய்வுக் கட்டுரைத் தளத்தைப் பார்க்கிற பழக்கத்தை வந்த நாளிலிருந்தே தொடங்கு. புதிய கட்டுரைகள் இத்தாலி நேரப்படி நடு இரவுக்குப் பிறகு வந்துவிடும். தலைப்புகளை ஓடவிட்டு, ஒன்றிரண்டின் முன்னுரையைப் படித்தால் போதும்.

நாலாவது வருடம் இலையுதிர் காலத்தில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) விண்ணப்பங்கள் தொடங்கும். பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். ஒன்றை உன் கைடு எழுதுவார். இன்னொன்று, நீ கரும்பலகை முன் நின்று தடுமாறி, பிறகு சரி செய்ததைப் பார்த்த வெளியாள் எழுதினால் அதற்கு எடை அதிகம். அப்படிப்பட்ட ஆளை லெ ஊஷ் போன்ற பள்ளிகளில்தான் சந்திப்பாய். பெர்மெசோவை நேரத்துக்குக் கொடு என்று இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

ஐசிடிபியின் ஸ்பிரிங் ஸ்கூலுக்கு எல்லை தாண்ட வேண்டியதில்லை, பதிவுக் கட்டணமும் கிடையாது. அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடு. நானும் அங்கே இருப்பேன், காபி இடைவேளையில் தேடி வா.