துட்டி (இறப்பு) வீட்டில் எதைச் சேவையாளரிடம் ஒப்படைக்கலாம்?

கேள்வி: சென்னைவாழ் தக்கலைக்காரன்

எண்பத்தாறு வயதான என் தந்தை, தக்கலைக்கு அருகே எங்கள் பூர்விக வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுமாறு மருத்துவர் சொல்லிவிட்டார். உயிரோடு இருப்பவரைப் பற்றி இப்படி விசாரிப்பது அம்மாவின் காதில் விழக்கூடாது என்பதால் இங்கே கேட்கிறேன். தம்பி மஸ்கட்டிலிருந்து வந்து சேர இரண்டு நாள் ஆகலாம். முன்பு ஊர்க்காரர்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். இன்று எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இறுதிச் சடங்குச் சேவை செய்பவர்கள் எவற்றைச் செய்து தருவார்கள்?

பதில்: மார்த்தாண்டம், இத்தொழிலில் இருப்பவன்

ஐயா, நீங்கள் அழைத்ததும், மருத்துவர் வந்து மரணத்தை உறுதிசெய்துவிட்டாரா என்றுதான் முதலில் கேட்போம். அதற்கு முன் உடலைத் தொடமாட்டோம். கண்களை மூடுவது, தாடையையும் கால் பெருவிரல்களையும் கட்டுவது ஆகியவற்றை நாங்கள் வரும்வரை காத்திராமல் வீட்டாரே செய்துவிட வேண்டும், ஏனெனில் சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கிவிடும். தம்பி வரும்வரை வைத்திருக்கக் குளிர்பெட்டி போதும். ஆனால் துட்டி கேட்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் மூடியைத் திறந்தால் குளிர் நிற்காது. கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்வதற்குக் கண்டிப்பான உறவினர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். (எங்கள் ஆள் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.) ஐப்பசி மழையில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் யார் பொறுப்பு என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பந்தல், நாற்காலி, மாலை, ஊர்தி, விறகு எல்லாம் எங்கள் வேலை. கொள்ளி வைப்பவர் யார், சஞ்சயனம் (எலும்பு சேகரிக்கும் சடங்கு) என்றைக்கு என்பவற்றை மட்டும் குடும்பம் முடிவு செய்ய வேண்டும். தந்தைக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். எரியூட்டும்போது அது வெடிக்கும் என்பதால் முன்னதாக மருத்துவரைக் கொண்டு அகற்ற வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்

காகித வேலையைச் சேவையாளர்கள் எடுத்துச் செய்தாலும் கையெழுத்திட வேண்டியவர் நீங்கள். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே பதிவுக்குத் தகவல் அனுப்புவார்கள். வீட்டில் இறந்தால் அது குடும்பத்தின் கடமை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் (மாஜிஸ்திரேட்) ஆணை பெற்றே பதிய முடியும். சிகிச்சை அளித்த மருத்துவரிடம் மரணக் காரணச் சான்றை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். உங்கள் தந்தை திருவிதாங்கூர்க் காலத்தில் பிறந்தவர். நம் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்த 1956க்கு முந்தைய பள்ளி ஆவணங்களில் பெயரும் முதலெழுத்தும் மலையாள வழக்கில் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆதாரில் உள்ளபடியே பெயரை எழுதிக் கொடுங்கள். இல்லையேல் வாரிசுச் சான்றிதழ் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க நேரும்.

பதில்: குளச்சல், ஒரு தங்கை

எங்கள் வீட்டில் இது தலைகீழாக நடந்தது. சவுதியில் இறந்த அண்ணனின் உடல் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வந்தது. தூதரகத்தின் தடையின்மைச் சான்று, எம்பாமிங் (உடலைப் பதப்படுத்தியதற்கான) சான்று, ரத்து செய்யப்பட்ட கடவுச்சீட்டு ஆகியவற்றைச் சரிபார்த்து, சரக்குப் பகுதியில் அதிகாலைவரை எங்களுடன் நின்றவர் சேவையாளர்தான். ஆனால் வந்த பெட்டியின் அளவை அவரும் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வெட்டியிருந்த குழி நீளம் போதாமல், ஜெபம் முடிந்த பிறகும் அரை மணி நேரம் அம்மாவை வெயிலில் நிற்க வைத்துக்கொண்டு மீண்டும் வெட்டினார்கள்.