இனக்கவர்ச்சிப் பொறியா, தூதுமணப் பொறியா?

வணக்கம்.

ஃபெரோமோன் என்பது ஓர் உயிர் தன் வகை உயிர்களுக்குச் செய்தி சொல்ல வெளியிடும் வேதிப்பொருள். அதை வைத்துப் பூச்சியை வரவழைத்துப் பிடிக்கும் ஃபெரோமோன் டிராப்புக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்ற கேள்விக்கு வந்த பதில்களையெல்லாம் படித்தேன். தமிழ்நாட்டில் வேளாண் துறையினரும் உழவர்களும் ஏற்கெனவே புழங்கும் "இனக்கவர்ச்சிப் பொறி" இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்கிறார் கோயம்புத்தூர்த் தம்பி. ஈப்போ அக்கா "புறச்சுரப்புப் பொறி" என்கிறார். இன்னொருவர், மலாய்க்காரர்கள் "பெராங்காப் ஃபெரோமோன்" என்று எழுதிவிட்டுப் பேசாமல் போகவில்லையா, நாமும் அப்படியே செய்வோம் என்கிறார். எனக்கு மூன்றுமே போதவில்லை. ஏன் என்பதை இந்தப் பினாங்குப் பக்கத்துப் பயிர்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் இனக்கவர்ச்சி. மலேசியாவில் "இனம்" என்றதும் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பொருள்தான் மனத்தில் வரும். பள்ளிப் பாரத்திலிருந்து அரசியல் பேச்சு வரை அந்தச் சொல்லுக்கு இங்கே அதுதான் வேலை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சி அட்டையில் இனக்கவர்ச்சிப் பொறி என்று எழுதி வைத்துக்கொண்டு நின்றால், பாதிப் பேர் குழம்புவார்கள், மீதிப் பேர் சிரிப்பார்கள். சரி, இது விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடும் சிக்கல். விளக்கினாலும் தீராத சிக்கல் காண்டாமிருக வண்டில் இருக்கிறது.

செம்பனையை, அதாவது எண்ணெய்ப்பனையை, மறுநடவு செய்யும் தோட்டங்களில் பழைய மரங்களை எரிப்பதில்லை. சாய்த்து, சீவி, அங்கேயே மக்க விடுகிறார்கள். அந்த மக்கிய தண்டில்தான் வண்டு முட்டையிட்டுப் பெருகுகிறது. வளர்ந்த வண்டு பறந்துபோய் இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். பிறகு மட்டை விரியும்போது பார்த்தால் ஓலையில் முக்கோண வெட்டு விழுந்திருக்கும். இதைப் பிடிக்க ஒரு வாளி, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தகடுகள், நடுவில் ஒரு சிறு பொட்டலம். பொட்டலத்தில் இருப்பது எத்தில் 4-மெத்தில்ஆக்டனோயேட் என்ற வேதிப்பொருள். இயற்கையில் இதை வெளியிடுவது ஆண் வண்டு. இதைத் தேடி ஆணும் வரும், பெண்ணும் வரும். கூட்டம் சேர்க்கும் அழைப்பு இது. இதை எப்படி இனக்கவர்ச்சி என்று எழுதுவது? அந்துப்பூச்சியில் கதை வேறு. அங்கே பெண் வெளியிடும், ஆண் மட்டும் வரும். அதற்கு இனக்கவர்ச்சி என்ற பெயர் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வகைக்குப் பொருந்தும் பெயரை மொத்தத்துக்கும் போர்த்தினால், நாம் கெரெங்கா என்று சொல்லும் முசுறு எறும்பு ஆபத்து என்று தன் கூட்டத்துக்குச் சொல்லவும் வழி காட்டவும் விடும் மணத்தையும் அந்தப் பெயரிலேயே அழைக்கவேண்டி வரும்.

ஃபெரோமோன் என்ற சொல்லே பிறந்தபோதும் இதே வழக்கு நடந்திருக்கிறது. 1959இல் பீட்டர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் என்ற இரண்டு அறிவியலாளர்கள் அதை உருவாக்கினார்கள். சுமந்து செல், தூண்டு என்ற இரண்டு கிரேக்க வேர்களின் சேர்க்கை. அதற்கு முன்பு "வெளி ஹார்மோன்" என்ற பொருளில் ஒரு சொல் புழக்கத்தில் இருந்தது. ஹார்மோன் என்றால் உடலுக்குள் ஓடுவது. அதற்கு முன்னால் "வெளி" என்று ஒட்டினால் சொல் தனக்குத்தானே முரண்படுகிறது என்று அதைத் தள்ளிவிட்டார்கள். ஈப்போ அக்காவின் புறச்சுரப்பும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது. அதோடு வயலில் நாம் தொங்கவிடுவது ஆலையில் செய்து ரப்பர் மூடியில் ஊறவைத்த பொருள். அது எங்கே சுரக்கிறது?

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. லூஷர் ஆராய்ந்தது கறையான்களை. புற்றில் அரசி இருக்கும்வரை மற்றவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகாமல் தடுக்கும் பொருளுக்கும் அவருக்குப் பெயர் வேண்டியிருந்தது. கார்ல்சனோடு வேலை செய்த வேதியியலாளர் பூட்டெனான்டின் குழு, சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து ஆணை அழைக்கும் பொருளைப் பிரித்தெடுத்ததும் அதே 1959இல்தான். பாம்பிகால் என்று அதற்குப் பெயர். ஆக, அழைப்பது, தடுப்பது இரண்டையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவரவே அந்தச் சொல் வந்தது. தமிழிலும் குடை அந்த அளவுக்கு அகலமாக இருக்கட்டுமே.

ஒலிபெயர்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபெரோமோன், பெரோமோன், பெரமோன் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். எதைப் படித்தாலும் பிள்ளைக்குப் பொருள் பிடிபடாது. பாம்பிகால் போன்ற தனிப் பொருட்பெயர்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு: தூதுமணம். ஓர் உயிர் தன் வகை உயிருக்குக் காற்றில் விடும் செய்தி. அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தென்றலையும் தூது விட்டுப் பழகிய மொழி இது. வண்டுகூட அந்தப் பட்டியலில் உண்டு. ஆண் அந்துப்பூச்சி மணத்தைப் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து பறந்து வருவதைப் பார்த்தால், தூது என்ற சொல்லுக்கு வேறு சான்று வேண்டாம். இதன் கீழ் கிளைச்சொற்களும் எளிதாக அமையும்: பால் தூதுமணம், திரள் தூதுமணம், எச்சரிக்கைத் தூதுமணம், தடத் தூதுமணம்.

"மணத்தூது" ஏன் கூடாது என்று கேட்பீர்கள். அதைக் கேட்டால் பெண் பார்க்க வந்த தரகர்தான் நினைவுக்கு வருகிறார். மனித மூக்குக்கு எட்டாததை மணம் என்று சொல்லலாமா என்றும் கேட்கலாம். தேனீ அரசியின் பொருள் தொடுகையாலும் பரவுகிறதே என்றும் ஒருவர் எழுதக்கூடும். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் ஆக்சிஜன் என்ற பெயருக்கு "அமிலம் ஆக்குவது" என்று பொருள்; எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பெயர் முழு வரையறையாக இருக்க வேண்டியதில்லை. தவறான பக்கம் இழுக்காமல் இருந்தால் போதும்.

பொறியை மாற்ற வேண்டாம். எலிப்பொறி, விளக்குப்பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி என்று நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணி என்று எழுதலாம் என்றவருக்கு: கண்ணி என்றால் கயிறும் சுருக்கும் வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறு இடம். பொறி என்ற பெயரைக் கேட்டதும் இது பூச்சியை ஒழிக்கும் கருவி என்று நினைத்துவிடுகிறார்கள். அந்துப்பூச்சிக்கு வைக்கும் பொறிகள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதற்கு. படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2018இல் இந்தியாவிலும் 2019இல் மலேசியாவின் மக்காச்சோளக் கொல்லைகளிலும் தென்பட்டது. பொறியில் விழுவது ஆண் மட்டும். தப்பித்த ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். அதனால் கொஞ்சம் ஆண்களைப் பிடித்தால் முட்டை குறைந்துவிடாது. பொறி சொல்வது ஒரே செய்தி: பூச்சி வந்துவிட்டது, இனி இலையடுக்கைப் பிரித்துப் புழு இருக்கிறதா என்று பார். பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் வைத்து மருந்தடிப்பதும் தவறு. அந்த மணத்துக்கு வேறு சில அந்துப்பூச்சிகளும் வந்து விழும். பிரித்தறியாமல் எண்ணினால் கணக்கு கெடும். ரப்பர் மூடியில் உள்ள பொருள் சில வாரங்களில் தீர்ந்துவிடும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். பழைய மூடியைத் தொங்கவிட்டுவிட்டு, பூச்சி குறைந்துவிட்டது என்று மகிழ்கிறவர்களும் உண்டு.

செம்பனையில் உலாட் புங்குஸ் என்று மலாயில் சொல்லும் பைப்புழு இதைவிட விசித்திரம். தன்னைச் சுற்றி ஒரு பை கட்டிக்கொண்டு வாழும் பூச்சி இது. பெண்ணுக்குச் சிறகே இல்லை. பைக்குள் இருந்தபடியே ஆணை அழைக்கும். இளம் புழுதான் நூலில் தொங்கிக் காற்றில் வேறு மரத்துக்குப் போகும். அங்கே பொறியில் விழும் ஆண்களை எண்ணினால் காலம் தெரியும். புழு எந்த மரத்தில் என்பதை ஓலையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனவே பயன்பாட்டை வைத்து இரண்டு பெயர்கள் வேண்டும். எண்ணுவதற்கு வைப்பது வேவுப்பொறி. காண்டாமிருக வண்டுக்குச் செய்வதுபோல் எண்ணிக்கையைக் குறைக்கவே வைப்பது வாருபொறி. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. கண்காணிப்புப் பொறி என்றும் எழுதலாம்தான், ஆனால் அது கேமரா விற்கும் கடைப் பெயராகத் தோன்றுகிறது.

மூன்றாவதாக, பொறியே இல்லாத முறை ஒன்று உண்டு. வயல் முழுக்கத் தூதுமணத்தைப் பரப்பிவிட்டால் பெண் எங்கே இருக்கிறது என்று ஆணுக்குத் தெரியாமல் போகும். இனச்சேர்க்கைத் தடை என்று ஒருவர் எழுதியிருந்தார். மணக்குழப்பம் என்று வைக்கலாம். மணத்தைத் திருமணம் என்று படித்தாலும் இங்கே பொருள் கெடாது.

பாக்கி இருப்பது அந்த ரப்பர் மூடிக்கும் பொட்டலத்துக்கும் பொதுவான பெயர். யாரும் தின்னாததால் இரை என்று சொல்ல முடியாது. மணவில்லை என்று எழுதிப் பார்த்தேன். வேகமாகப் படித்தால் "மணம் இல்லை" என்று காதில் விழுகிறது. உங்களில் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். அதுவரை நான் ஆங்கிலத்தில் உள்ளபடி லூர் என்றே எழுதுகிறேன்.