14 நாளில் ஐரோப்பா: ஏழு நகரங்கள் சாத்தியமா?

கேள்வி

வணக்கம். வரும் செப்டம்பரில் 14 நாள் விடுமுறையாக ஐரோப்பா செல்ல எண்ணியிருக்கிறோம். நானும் மனைவியும், எழுபதை நெருங்கும் என் பெற்றோரும், பத்து வயது மகளுமாக ஐந்து பேர். லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிச், வெனிஸ், ரோம், பார்சிலோனா என்று ஆசை ஆசையாக ஒரு பட்டியல் போட்டேன். போட்ட பிறகு அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே மலைப்பாக இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. இத்தனை தொலைவு அவர்களை மீண்டும் ஒருமுறை அழைத்துச் செல்ல முடியுமா என்று தெரியாததால், எதையும் விட்டுவிட மனம் வரவில்லை. எதை நீக்கலாம், விசாவுக்கு எந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

ஏழு நகரங்கள் என்றால் ஆறு முறை இடம் மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் பெட்டிகளை அடுக்கி, அறையைக் காலி செய்து, நிலையத்துக்குச் சென்று, புதிய ஊரில் தங்குமிடத்தைத் தேடிப் பிடித்து, மதியம் இரண்டு மூன்று மணிக்கு அறை கிடைக்கும் வரை காத்திருப்பதற்குள் அரைநாளுக்கு மேல் போய்விடும். ஆக, உங்கள் 14 நாளில் மூன்று நாளாவது பெட்டியோடுதான் கழியும். பெற்றோரை மீண்டும் அழைத்துச் செல்ல முடியாமல் போகலாம் என்ற உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. அதனால்தான் இடங்களைக் குறையுங்கள் என்கிறேன்.

லண்டனை முதலில் நீக்குங்கள். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல உதவும் ஷெங்கன் பகுதியில் பிரிட்டன் இல்லாததால் அதற்குத் தனி விசா எடுக்க வேண்டும். பார்சிலோனாவும் ஆம்ஸ்டர்டாமும் பாரிஸ்–ரோம் ரயில் வழியிலிருந்து ஒதுங்கி நிற்கின்றன. பாரிஸில் நான்கு இரவு, சுவிட்சர்லாந்தின் லூசர்னில் நான்கு இரவு, ரோமில் ஐந்து இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்பும்படி விமானச் சீட்டு எடுத்தால், வந்த வழியே திரும்பிச் செல்லும் நாள் மிச்சமாகும். பாரிஸிலிருந்து சுவிஸ் நகரான பாசல் வரை அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து லூசர்ன் ஒரு மணி நேரம்.

லூசர்னைச் சொல்லக் காரணம் உண்டு. அங்கே அம்மா நடக்காமலேயே மலையையும் ஏரியையும் பார்க்கலாம். நிலையத்தின் எதிரிலேயே படகுத்துறை இருக்கிறது. பிலாட்டஸ் மலைக்குச் செல்லும் பல்சக்கர ரயில் (பல் வைத்த சக்கரத்தால் தண்டவாளத்தைக் கவ்வி ஏறுவது) 1889 முதல் ஓடுகிறது. அதிகபட்சமாக 48 விழுக்காடு சரிவில் ஏறும் அதைவிடச் செங்குத்தான பல்சக்கர ரயில் உலகில் வேறில்லை. உங்கள் மகளுக்கு அது மிகவும் பிடிக்கும். சுவிட்சர்லாந்தில் ரயில், பேருந்து, படகு எல்லாவற்றுக்குமான சுவிஸ் டிராவல் பாஸ் என்ற பயணச்சீட்டை எடுக்கும்போது குடும்ப அட்டையையும் கேட்டு வாங்குங்கள். பெற்றோருடன் செல்லும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதில் பயணம் இலவசம்.

விசாவைப் பொறுத்தவரை, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். தங்கும் நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. மேலே சொன்ன கணக்கில் உங்களுக்கு இத்தாலி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசி 15 நாள் வரை தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் கட்டாயம்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பெரியவர்களை அழைத்துச் சென்ற அனுபவத்தில் தங்குமிடம் பற்றி மட்டும் சொல்கிறேன். பாரிஸில் நாங்கள் எடுத்த அறை மூன்றாம் தளம் என்று போட்டிருந்தது. லிஃப்ட் உண்டா என்று நான் கேட்கத் தவறிவிட்டேன். அங்கே தரைத்தளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய கட்டடம், வளைந்து ஏறும் குறுகிய மரப்படி. அப்பா ஒவ்வொரு தளத்திலும் படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார், பெட்டிகளை நான் இரண்டு நடையாகத் தூக்கினேன். மறுநாள் காலையில் கீழே இறங்கவே அவர் தயங்கினார். எனவே லிஃப்ட் இருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகே பணம் கட்டுங்கள்.

பாரிஸ் மெட்ரோவின் பழைய நிலையங்கள் பலவற்றில் படிகள்தாம். பேருந்தில் சென்றால் ஏறுவதும் எளிது, ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம். ரோமில் படியைவிடக் கல் பாவிய தெருக்கள்தாம் சிரமம் தரும். அம்மாவுக்குத் தடித்த அடிப்பாகம் உள்ள காலணியை இப்போதே வாங்கிப் பழக்கிவிடுங்கள்.

மூன்றாம் பதில்

நாட்களை முடிவு செய்யும் முன் அருங்காட்சியகங்களின் விடுமுறை நாட்களைப் பாருங்கள். பாரிஸில் லூவர் அருங்காட்சியகம் செவ்வாயன்றும், ஓர்சே அருங்காட்சியகம் திங்களன்றும் மூடியிருக்கும். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறப்பதில்லை. ரோமின் பழைய அரங்கமான கொலோசியத்துக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள். சீட்டில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மறையும் உடை தேவை.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டியலை மூன்று நகரங்களாகக் குறைத்துவிட்டேன்; அப்பாவிடம் சொன்னபோது அவருக்கே நிம்மதி. ஒரே ஒரு சந்தேகம். லூசர்னிலிருந்து ரோம் செல்லும் நாளில், ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கும் பெர்னினா மலைப்பாதை ரயிலில் போகலாமா?

முதல் பதில் எழுதியவர்

ஒரே நாளில் வேண்டாம், பெரியவர்கள் களைத்துப் போவார்கள். லூசர்னில் ஓர் இரவைக் குறைத்து, அதை அந்த ரயில் முடியும் திரானோவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் இத்தாலியில் இருப்பதால் விசாக் கணக்கும் மாறாது.

சுவிட்சர்லாந்தின் கூர் நகரிலிருந்து திரானோ வரை சுமார் நான்கு மணி நேரம். கண்ணாடிக் கூரை போட்ட சிறப்பு ரயிலுக்குத் தனியாக முன்பதிவுக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலில் அது இல்லை, வழியில் ஓரிடத்தில் மாறினால் போதும். நான் சாதாரண ரயிலில்தான் சென்றேன். அதில் ஜன்னலைக் கீழே இறக்க முடிந்தது. 2,253 மீட்டர் உயரத்தில் ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தில் நின்றபோது பனிக்காற்று முகத்தில் அறைந்தது. பக்கத்தில் பாலைக் கரைத்ததுபோல் வெளுத்த ஏரி. அங்கிருந்து பல்சக்கரம் ஏதுமின்றியே ரயில் வளைந்து வளைந்து இறங்குகிறது. புரூசியோவில் வட்டமான கல்பாலத்தில் சுற்றி வந்து, சற்று முன் தான் கடந்த வளைவின் அடியிலேயே நுழைந்து போகும். மகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

இறங்கும் இடமான திரானோ 429 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயில் உறைக்கும், கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். மிலான் செல்லும் ரயிலின் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மறுநாள் காலை அம்மா அந்தச் சிறு சதுக்கத்தைக் கடந்தால் போதும்.