பொருள்: ஃபெக்னரின் அலகுக்குத் தமிழ்ச்சொல் – 'உணர்படி'?

அனைவருக்கும் வணக்கம்.

உணர்வை அளக்க வழி கண்ட ஜெர்மன் அறிஞர் ஃபெக்னர் பற்றிய நம் கட்டுரையில், ஒருவருக்குத் தெரியவரும் மிகக் குறைந்த வேறுபாடான 'ஜஸ்ட் நோட்டிசபிள் டிஃபரன்ஸ்' என்பதை 'மட்டுமே உணரத்தக்க வேறுபாடு' என்று எழுதியிருக்கிறோம். மாற்றியாக வேண்டும். உணர மட்டும்தான் முடியும், அளக்க முடியாது என்று பொருள்படுகிறது. அவர் செய்ததோ நேர் எதிர். 'நுண்வேறுபாடு' என்ற பரிந்துரையும் நிற்காது. கையால் தூக்கிப் பார்க்கையில் 100 கிராமுடன் ஏறத்தாழ 2 கிராம் கூடினால் தெரியும். 5 கிலோவானால் 100 கிராம் கூட வேண்டும். அது நுண்ணியதா என்ன? மாறாதது விகிதம்தான். அதைக் கண்டவர் லைப்சிக் உடலியலாளர் வேபர்.

தெரியவரும் அந்தக் குறைந்த வேறுபாட்டை ஃபெக்னர் உணர்வின் அலகாக்கினார். சொல் தேடும்போது அவர் தொழிலை மறக்கக் கூடாது. மின்கலச் சுற்றுகளில் ஓம் விதியை அளந்து சரிபார்த்தவர், 1834இல் லைப்சிக்கில் இயற்பியல் பேராசிரியர் ஆனவர். பார்த்த ஒளி அகன்ற பின்னும் கண்ணில் நிற்கும் பின்பிம்பங்களை ஆராயச் சூரியனை நிறக்கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுப் பதவியை விட்டார். உணர்வையும் அளக்கலாம் என்று 1850 அக்டோபர் 22 காலையில் தோன்றிய எண்ணம் 1860இல் நூலாயிற்று. உணர்வை நேரே அளக்கக் கோல் இல்லை. ஆகவே தெரியவரும் ஒவ்வொரு கூடுதலையும் சமமென்று வைத்து எண்ணினார்.

நமக்கும் எண்ணக்கூடிய சொல் வேண்டும். 'பத்து வேறுபாடு' என்றால் பத்து வகை என்றாகிவிடும். என் பரிந்துரை 'உணர்படி'. வினைத்தொகை, ஏறுவதும் படி, அளப்பதும் படி. 100, 102, 104.04 கிராம் என எடை பெருகப் பெருகப் படி ஒவ்வொன்றாகக் கூடும். 200 கிராமை எட்ட 35 படி; அங்கிருந்து 400க்கும் அதே 35. எடை மடங்காகப் பெருக உணர்வு சமபடிகளாகக் கூடும் என்ற ஃபெக்னரின் மடக்கை விதி இதற்குள்ளேயே இருக்கிறது.

---

> ஏறுவதும் படி, அளப்பதும் படி

சொல் பிடித்திருக்கிறது ஐயா, ஒரு தடை மட்டும். படி என்றதும் கூரான விளிம்பு தோன்றும்: 1.9 கிராமில் தெரியாது, 2இல் தெரியும் என்பதுபோல. சோதனையில் அப்படி வராது. அதே ஆள் அதே இரண்டு பெட்டிகளைத் தூக்கி ஒருமுறை சரியாகச் சொல்வார், மறுமுறை தவறுவார். ஃபெக்னர் ஒரு சோதனைக்கே 24,576 முறை தூக்கியது இதனால்தான். கனத்ததை எப்போதும் இரண்டாவதாகத் தூக்கினால் அந்த வரிசையே விடையைச் சாய்க்கும். பாதி முறை மாற்றித் தூக்க வேண்டும். இடக்கை, வலக்கைக்கும் அப்படியே. பெட்டிகள் ஒரே உருவில் இல்லாவிட்டால் கண் ஏமாற்றும். இரண்டில் ஒன்று என்பதால் குருட்டு ஊகமே 50 விழுக்காடு சரியாகிவிடும். எனவே 75 விழுக்காடு சரியாகும் இடத்தைக் கொள்வது வழக்கம். மிகச் சிறிய எடைகளில் விகிதமே கூடிப்போகும்.

உணர்வு தொடங்கும் அளவான 'த்ரெஷோல்ட்' என்பதற்கு 'வாயில்' என்று மட்டும் போக வேண்டாம். கண், காது முதலிய பொறிகளையே வாயில் என்பது பழைய வழக்கு. இந்தத் துறையில் குழப்பும்.

---

சரிதான். ஒளி பட்டு எலக்ட்ரான் வெளிவரத் தேவையான குறைந்த அதிர்வெண்ணுக்கு, அதாவது 'த்ரெஷோல்ட்' அதிர்வெண்ணுக்கு, 'பயன்தொடக்க அதிர்வெண்' என்ற சொல் இயற்பியல் பாடநூலில் இருக்கிறது. அதை ஒட்டி, ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து முதலில் தெரியவரும் அளவு 'உணர்தொடக்கம்'. அதற்குமேல் எண்ணுவது 'உணர்படி'. வேபர் கண்ட மாறாத விகிதம் (இங்கே 100க்கு 2) 'படிவிகிதம்'. விளிம்புச் சிக்கலுக்கு விழுக்காட்டையும் சேர்த்தே எழுதுவோம்: '100 கிராமில் 75 விழுக்காட்டு உணர்படி 2 கிராம்'.